வீட்டுக்கு யந்திரமா, யந்திரத்துக்கு வீடா?

எங்கள் ஊருக்குப் பெயர் புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகையால் கடிதம் வழி தவறிப் போகாமல் இருக்கும் பொருட்டு, பக்கத்திலிருக்கும் வத்திராயிருப்பின் முதல் எழுத்தைக் கடன் வாங்கி வ. புதுப்பட்டி என்று எழுதிக்கொள்கிறோம். மேற்கே திரும்பினால் மலை. மலையடிவாரம் வரைக்கும் வயலும் தென்னந்தோப்பும். ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "என்ன இருந்தாலும் நம்ம ஊர்க் காத்து வராதுய்யா" என்று சொல்வதை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காற்றை இப்போது வீட்டுக்குள் விடுவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தோடு சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்காள் மகன் சென்ற தை மாதம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். நல்ல பிள்ளை, உழைத்துச் சம்பாதித்த பணம். பழைய காரை வீட்டுக்கு எதிர்வரிசையில், மூன்று படுக்கையறையும் பெரிய கூடமுமாக வீடு எழும்பி நின்றது. தெருப்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே நுழைந்தவுடன் நான் வழக்கப்படி ஜன்னல் கொக்கியைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை.

"திறக்க முடியாது மாமா. வீடு பூரா சென்ட்ரல் ஏ.சி." என்றான் மருமகன். அவன் முகத்தில் இருந்த பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காள் மட்டும் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "தம்பி, ஐஸ் பெட்டிக்குள்ள வச்ச கத்திரிக்காய் மாதிரி இருக்கேன்" என்று என் காதோடு சொன்னாள்.

அன்று பேசாமல் வந்துவிட்டேன். இன்று பேசப் போகிறேன். குளிர்சாதனம் என்பது மருந்து மாதிரி. வேண்டியவருக்கு வேண்டிய அளவு கொடுக்கலாம். அதை நம்பி வீட்டையே நோயாளியாகக் கட்டுவது மடமை. இதுதான் என் கட்சி. இதற்கு விரோதமாக வாதாடுகிறவர்கள் தாராளமாக வரலாம்.

முதலில் இந்த யந்திரத்தின் ஜாதகத்தைப் பார்ப்போம். மனிதனுக்கு வியர்க்கிறதே என்று இரக்கப்பட்டு யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1902-ல் நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். வெயில் காலத்து ஈரக்காற்றில் காகிதம் ஊதிப்போய், ஒரு வண்ணத்தின் மேல் மறு வண்ணம் சரியாகப் படியாமல் விலகிப் போயிற்று. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற வாலிப எஞ்சினீயர் வகுத்துக் கொடுத்த ஏற்பாடுதான் இன்றைய ஏ.சி.க்கு மூலம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906-ல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர். அவர் நூற்பாலை எஞ்சினீயர். காற்று வறண்டால் பஞ்சு இழை அறும். அறாமலிருக்கக் காற்றைப் பதப்படுத்த வேண்டும். ஆக, முதலில் காகிதம் சுகப்பட்டது; அடுத்தபடி நூல் சுகப்பட்டது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் அங்கே நூற்பாலை தொடங்கினார். அதன்பின் அந்த வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. ஆலைக்குள் நூலுக்கு ஏற்ற ஈரமும் பதமும் இராப்பகலாகக் காத்து வைக்கப்படும். அந்த நூலை ஓட்டுகிற தொழிலாளி ஷிப்டு முடிந்து போய்ப் படுப்பது சிமெண்டுத் தகரக் கூரையின் அடியில். நூல் அறக்கூடாது என்பதில் நமக்கிருக்கும் கவலை, ஆள் அறக்கூடாது என்பதில் எப்போது வந்தது?

வீட்டுக்கு இது வந்த வரலாறு இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துக் கோடீசுவரர் சார்லஸ் கேட்ஸ் கட்டிய மாளிகையில் 1914-ல் பொருத்தினார்கள். வீட்டில் வைத்த முதல் குளிர்சாதனம் என்று சொல்லப்படுவது அதுதான். ஏழடி உயரம், ஆறடி அகலம், இருபதடி நீளம். எங்கள் அக்காளின் சமையலறைக்குள் அடங்காது! கட்டியவர் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அந்த யந்திரம் ஒருநாளாவது ஓடியிருக்குமா என்பதே சந்தேகம் என்கிறார்கள். ஆளில்லாத வீட்டுக்குக் குளிர் செய்வதில் தொடங்கிய பழக்கம் இது. இன்றும் மாறவில்லை என்பதைக் கணக்குப் பார்த்தால் தெரியும்.

கணக்குக்கு வருவோம். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று மருமகன் கேட்டான். விற்கிறவர்கள் எல்லாரும் கதை சொல்லத் தொடங்கிவிட்டால், கதைக்காரன் கணக்குப் போட வேண்டியதுதானே?

அவன் வைத்திருப்பது ஐந்தரை டன் யந்திரம். 'டன்' என்றதும் எடை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு டன் ஐஸ் கட்டி இருபத்துநாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவு வெப்பத்தை அப்புறப்படுத்தும் சக்திக்கு அந்தப் பெயர். யந்திரம், காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், அவற்றை மறைக்க அட்டையில் ஒரு பொய்க்கூரை, மும்முனை மின்சாரத்துக்கான ஏற்பாடு எல்லாம் சேர்ந்து அவனுக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஆயிற்று.

"ஒரே செலவு மாமா. அப்புறம் கவலையே இல்லை" என்றான்.

நன்றாகப் பராமரித்தால் இம்மாதிரி யந்திரத்துக்குப் பத்து முதல் பதினைந்து வருஷம் வரை ஆயுள். நடுவாகப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 41,700 ரூபாய். எங்கள் ஊரில் மாசி பிற்பகுதியிலிருந்து ஆடி வரை, தாராளமாகவே சொன்னால் வருஷத்தில் நூற்றைம்பது நாட்களுக்குத்தான் குளிர் தேவை. ஒரு நாளுக்கு 278 ரூபாய் வருகிறது. இது பொத்தானை அழுத்துவதற்கு முன் ஆகும் செலவு! பழைய வீட்டைக் கட்டிய என் பாட்டனார் கூரைக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கொத்தனாரைப் பனைமரத்தில் கட்டி வைத்திருப்பார்.

இப்போது பொத்தானை அழுத்துவோம். முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஆறு யூனிட் இழுக்கக்கூடிய யந்திரம். இடையிடையே நின்று ஓடினாலும் ஓர் இரவுக்கு முப்பது யூனிட். நம் மின் வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. அறுபது இரவுக்கு 1,800 யூனிட். வீட்டின் மற்றச் செலவு ஒரு 200 சேர்த்தால் 2,000. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வைத்த கட்டணப்படி, 200 யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்குப் பில் 225 ரூபாய். அதுவே 2,000 யூனிட் என்றால் 17,550 ரூபாய்! 500 யூனிட்டைத் தாண்டியவுடன் இடையில் கொடுத்த சலுகை போய்விடுகிறது. 1,000-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய். அதன் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. எதிர்வரிசையில் பழைய வீட்டுக்கு வரும் பில்லும் இந்தப் பில்லும் ஒரே ஆள் கையால் ஒரே நாளில் கொடுக்கப்படுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அறைக்கு ஒன்றாக வைக்கும் சாதாரண ஏ.சி.யிலாவது யார் எங்கே தூங்குகிறார்களோ அங்கே மட்டும் ஓட்டலாம். இந்த மத்திய ஏற்பாட்டிலோ, தம்பதிகள் ஓர் அறையில் தூங்க, ஆளில்லாத கூடமும் விருந்தினர் அறையும் விடிய விடியக் குளிர்ந்துகொண்டிருக்கின்றன. மினியாபொலிஸ் மாளிகையை வ. புதுப்பட்டிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

பராமரிப்பு என்ற அத்தியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இதில் ஏமாறாத குடும்பஸ்தன் அபூர்வம். வாங்கி மூன்றாம் மாதம், குளிர் போதவில்லை என்று மருமகன் ஆள் அனுப்பச் சொன்னான். வந்தவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்றார். மூவாயிரத்துச் சொச்சம். அடுத்த மாதம் மறுபடியும் அதே பல்லவி, அதே தொகை. வாசகர்கள் தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்த வாயு, அடுப்புக்கு வரும் வாயு மாதிரி எரிந்து தீரும் சாமான் அல்ல. மூடிய குழாய்க்குள் அதுவேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கூலி வாங்குவதற்குச் சமம். ஒழுகிப் போகும் அந்த வாயு சும்மாவும் போவதில்லை. இப்போது புது யந்திரங்களில் அதிகமாக வரும் ஆர்-32 என்ற வாயு, எடைக்கு எடை, நூறு வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். சூட்டுக்குப் பயந்து வாங்கிய பொருள் சூட்டுக்கே விறகு சேர்க்கிறது!

மூன்றாவதாக வந்தவர் யோக்கியர். பொய்க்கூரையில் ஒரு பலகையைத் திறந்து டார்ச் அடித்துக் காண்பித்தார். எலி குழாயைச் சுற்றியிருந்த மெத்தையைக் கடித்துக் குடித்தனம் பண்ணியிருந்தது. இணைப்புகள் இரண்டு இடத்தில் வாய் பிளந்து, காசு கொடுத்துச் செய்த குளிர்காற்று பொய்க்கூரைக்கு மேலே போய் எலிக்குச் சுகம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் ஓடுகிற இடமாவது உருப்படியானதா? நாள் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட்டுக்கு நேர் கீழே. வீட்டிலேயே அதிகச் சூடான இடம் அதுதான். அடுப்பின் மேல் மோர்ப்பானையை வைத்துவிட்டு மோர் புளிக்கிறதே என்று அழுகிற புத்திசாலித்தனம் இது. வடிகட்டியை மாதம் ஒரு தரம் கழுவ வேண்டும்; வருஷத்துக்கு இரண்டு தரம் ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்; தண்ணீர் வடியும் குழாயில் பாசி கட்டாமல் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யாவிட்டால் மேலே சொன்ன பன்னிரண்டு வருஷ ஆயுளும் கிடையாது. எங்கள் வீட்டில் முன்பு இரண்டு பசு இருந்தது. அதற்குக்கூட இவ்வளவு உபசாரம் செய்ததில்லை. அது பாலும் கொடுத்தது.

சித்திரையில் நான் ஊரில் இருந்தபோது ஓர் இரவு பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. டிரான்ஸ்பார்மர் கோளாறு, விடியும் வரை வரவில்லை. நான் பழைய வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். புழுக்கம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடுநிசிக்கு மேல் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கிற்று. பதினொரு மணி சுமாருக்கே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மருமகன் ஒரு கையில் தலையணையும் மறு கையில் குழந்தையுமாக வந்தான். பின்னால் அவன் மனைவி. அவளுக்குப் பின்னால் அக்காள், சுவரைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு வயது எழுபத்துநாலு, ஆஸ்துமாக்காரி. திறக்க முடியாத ஜன்னல் வீட்டில் ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டிப்போயிற்று. வந்து திண்ணையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் பேசவே இல்லை. இன்வெர்ட்டர் இரண்டு விசிறியைச் சுற்றும். ஐந்தரை டன்னைச் சுற்றாது. அன்றைக்கு அந்தப் பழைய வீடு இடிபட்டுப் போயிருந்தால் அக்காளை எங்கே கொண்டுபோயிருப்போம் என்று நினைத்தால் இப்போதும் என் வயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் அதை இடித்துக் கடை கட்டலாமா என்று குடும்பத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அன்றிரவு இன்னொன்றும் கவனித்தேன். புது வீட்டின் பின்பக்கத்தில், யந்திரத்தின் வெளிப்பெட்டி ஒரு குறுகலான சந்தை நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சந்தில், தோப்பு வேலைக்குப் போய், மிச்ச நேரத்தில் கீற்று முடைந்து பிழைக்கிற ஒரு விதவைக் கிழவியின் குடிசை. அவளுக்கு ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே எங்கள் வெளிப்பெட்டி. மறுநாள் காலையில் அவள் என்னிடம் வந்து, கும்பிட்டு, "ஐயா, ராத்திரி ஒரு நா நல்லாத் தூங்குனேன். உங்க வீட்டுப் பேய்க்காத்து இல்ல" என்றாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உள்ளேயிருந்து மூன்று பங்கு வெப்பத்தை எடுத்தால், தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து நாலு பங்காக வெளியே கொட்டுகிறது. நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் கொட்டினால் தெருவே கூடிச் சண்டை பிடிக்கும். வெப்பத்துக்கு நாற்றமில்லை, ஆகையால் கொட்டிவிட்டு நல்லவர்களாக இருந்துகொள்கிறோம். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் உதவி என்று ஆணையிட்டது. புயல், வெள்ளத்தோடு வெயிலையும் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்தப் பேரிடரில் வயலிலும் சாலையிலும் நிற்கிறவர்களே முதலில் விழுவார்கள். நம் வெளிப்பெட்டிகள் ஊதுவதும் அவர்கள் பக்கமாகத்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் எழுந்திருப்பார்கள். "பழைய வீட்டுப் புராணம் பாடுகிறீர். தேள் விழுந்தது மறந்துபோயிற்றா? மழைக்கு ஒழுகியது மறந்துபோயிற்றா?" மறக்கவில்லை. இருட்டுச் சமையலறையில் புகையில் வெந்த என் தாயாரை மறக்கவில்லை. காற்றோட்டமான திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததையும் மறக்கவில்லை. அந்த வீடு அப்படியே திரும்பி வர வேண்டாம். வெயில் அன்றிருந்த வெயிலும் அல்ல, கூடியிருக்கிறது. அக்காளைப் போன்ற நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஓர் அறையில் ஒரு ஏ.சி. இருப்பதை ஆடம்பரம் என்று சொல்ல நான் யார்? இன்னும் சொல்லப்போனால், சென்னையில் நான் எழுதும் அறையில் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பாதி அதன் அடியில் உட்கார்ந்து எழுதியதே. இருபத்தாறில் வைத்து, கூடவே விசிறியையும் போட்டுக்கொள்கிறேன். ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சமாகும் என்று மத்திய அரசின் மின்சிக்கன அலுவலகம் சொல்கிறது. 2020 முதல் புது யந்திரங்கள் இருபத்துநாலில் தொடங்கும்படி விதி செய்ததும் அதற்காகவே.

பழைய வீட்டில் இருந்த அறிவு மட்டும் வந்தால் போதும். அந்தக் காரைக் கூரையில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, கடுக்காய்ச் சாற்றுச் சுண்ணாம்பில் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். வெயில் அதற்குள் இறங்குவதற்குள் சூரியன் அஸ்தமித்துவிடுவான். நம் நாலைந்து அங்குலக் கான்கிரீட் பகலில் சூட்டைக் கடன் வாங்கி, நாம் படுக்கும் நேரத்தில் நம் தலையிலேயே திருப்பிக் கொடுக்கிறது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர் (2007-ல் காலமானார்) நம் நாட்டையே சொந்த நாடாக்கிக்கொண்டு, செங்கல்லைச் சல்லடை மாதிரி விட்டுவிட்டு அடுக்கிய சுவர்களால் காற்றையும் நிழலையும் வீட்டுக்குள் அழைத்தார், செலவும் குறைவு. வெளியூர்க்காரர் ஒருவர் நம் கொத்தனார்களிடம் கற்றுக்கொண்டதை, நம் பிள்ளைகள் மறப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள்.

வரிசை இதுதான்: முதலில் மேற்குச் சுவருக்கு நிழல், ஒரு வேப்பமரமானாலும் சரி. இரண்டாவது, மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெள்ளை ஓடு. மூன்றாவது, எதிரும் புதிருமாகத் திறக்கும் ஜன்னல். நாலாவது விசிறி, இப்போது வரும் புதுவகை விசிறி முப்பது வாட்டில் சுற்றுகிறது. இவ்வளவுக்கும் பிறகு போதாவிட்டால், வேண்டிய அறைக்கு ஒரு சிறு ஏ.சி. கடைசியில் வர வேண்டியவரை முதலில் கூப்பிட்டு, ஜன்னலை அடைத்து, அவருக்காக வீடு கட்டுகிறோமே, அதைத்தான் மடமை என்றேன்.

மருமகனுக்கு இந்தக் கணக்கையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. ஆனால் போன வாரம் அக்காள் தொலைபேசியில் சொன்னாள்: ஆசாரி வந்து, கூடத்தின் மேற்குக் கண்ணாடியைப் பெயர்த்து, கதவு போட்ட ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கிறானாம். வெளிப்பெட்டியை மாடிக்குத் தூக்க என்ன ஆகும் என்று விசாரித்திருக்கிறானாம். "உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னான்" என்றாள். அதனால் எனக்குத் தெரியாத மாதிரியே இருக்கிறேன்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். எஞ்சினீயர் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் விரித்தவுடன், டன் எத்தனை, நட்சத்திரம் எத்தனை என்று விசாரிக்க ஆரம்பிக்க வேண்டாம். "ஐயா, கரண்ட் இல்லாத சித்திரை மாத இரவில் இந்த வீட்டில் எழுபத்துநாலு வயதுக் கிழவி ஒருத்தி தூங்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.